எஞ்சினுக்கு ஆவி பிடிப்போம்!

“அகத்தின் அழகு முகத்தில் தெரியும்” என்பது நம் பழமொழி. மனிதருக்கு அது பொருந்தலாம். மோட்டார் வண்டிக்குப் பொருந்துவதில்லை. மேலே பளபளவென்று துடைத்து, முன்கண்ணாடியில் மல்லிகைச் சரம் தொங்கவிட்ட வண்டியின் பானட்டைத் தூக்கிப் பாருங்கள். எண்ணெயும் தூசியும் குழைந்து, பிசுக்கேறிய வாணலியைப் போல் எஞ்சின் கறுத்துக் கிடக்கும். யார் பார்க்கப் போகிறார்கள் என்ற எண்ணம்தான் காரணம்!

எங்கள் வீட்டு வேனும் அப்படித்தான் இருந்தது. என் தந்தையார் அதில்தான் காலையும் மாலையும் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்கிறார். சில வாரங்களாக வண்டிக்குள் எண்ணெய் கருகும் வாடை வந்துகொண்டிருந்தது. எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. அழுக்குத்தான் காரணமோ என்று எண்ணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ‘வாட்டர் சர்வீஸ்’ செய்யும் இடத்தில் வண்டியை விட்டார். அங்கே வேலை பார்த்தவர் பானட்டைத் திறந்து, வேகமாகப் பீய்ச்சும் குழாயை நேரே எஞ்சின்மேல் திருப்பிவிட்டார்.

மறுநாள் காலை வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பன்னிரண்டு பிள்ளைகள் ஆங்காங்கே சாலையோரத்தில் காத்து நின்றனர். அவர்களில் இருவருக்கு அன்று அரசுப் பொதுத்தேர்வு. அப்பா ஆட்டோவுக்காகத் தெருமுனைக்கு ஓடிய ஓட்டம் இன்னும் என் கண்முன் நிற்கிறது.

மெக்கானிக் மாமா வந்து பார்த்தார். பியூஸ் பெட்டியின் இணைப்பு ஒன்றில் தண்ணீர் புகுந்திருந்தது. அதை உலர்த்தியதும் வண்டி கிளம்பியது. ஆனால் அந்த வாடை மட்டும் போகவில்லை. “அண்ணே, எல்லா இடமும் கறுப்பா இருந்தா எண்ணெய் எங்கே கசியுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? முதல்ல நீராவியில கழுவுவோம். அப்புறம் பார்ப்போம்” என்றார் அவர். அன்று நான் கண்டதையும், கேட்டு அறிந்ததையும் தோழியரோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

நீராவிக்கு ஏன் இந்த ஆற்றல்?

நெய் ஒட்டிய கிண்ணத்தைப் பச்சைத் தண்ணீரில் கழுவிப் பாருங்கள். நெய் அசையாது. வெந்நீர் ஊற்றினால் இளகி ஓடிவிடும். எண்ணெய்ப் பொருள்கள் சூடேறும்போது அவற்றின் பாகுத்தன்மை குறைவதே காரணம். எஞ்சினில் படிந்த கிரீஸும் அப்படித்தான்.

அப்படியானால் வெந்நீரே போதாதா? இங்கேதான் நாம் வகுப்பில் படிக்கும் ‘உள்ளுறை வெப்பம்’ உதவிக்கு வருகிறது. 100 டிகிரி செல்சியஸில் உள்ள ஒரு கிராம் கொதிநீர் 40 டிகிரிக்கு ஆறும்போது 60 கலோரி வெப்பத்தைத் தருகிறது. ஆனால் அதே 100 டிகிரியில் உள்ள ஒரு கிராம் நீராவி, சூடு சிறிதும் குறையாமல் நீராக மாறும் அந்த மாற்றத்திலேயே ஏறத்தாழ 540 கலோரியைக் கொடுத்துவிடுகிறது. ஒன்பது மடங்கு! கொதிநீர் பட்ட புண்ணைவிட ஆவி பட்ட புண் கொடியதாக இருப்பதற்கும் இதுவே முதற்காரணம்.

நீராவியை அடைத்து வைத்து வேலை வாங்குவது புதிய கலை அன்று. பிரெஞ்சு அறிஞர் டெனிஸ் பாப்பின் 1679-இல் மூடியை இறுக்கிய பாத்திரம் ஒன்றைச் செய்து, எலும்பையும் மெத்தென வேகவைத்துக் காட்டினார். அது வெடிக்காமல் இருக்கக் காப்பு வால்வும் அமைத்தார். நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் முன்னோர் அதுதான். குக்கருக்குள் அழுத்தம் ஏறுவதால் நீர் சுமார் 120 டிகிரியில் கொதிக்கிறது. நீராவிக் கருவியின் கொதிகலனில் அழுத்தம் இன்னும் அதிகம். காற்று மண்டலத்தைப் போல் ஐந்து மடங்கு அழுத்தம் இருந்தால் உள்ளே சூடு சுமார் 152 டிகிரி இருக்கும். நாசிலை விட்டு வெளியே வந்ததும் ஆவி விரைவில் ஆறிவிடும். ஆகவேதான் அழுக்கின் அருகே பிடிக்க வேண்டியிருக்கிறது.

மற்றொரு நன்மையும் உண்டு. தண்ணீர் பீய்ச்சும் சிறிய இயந்திரமே நிமிடத்திற்கு ஐந்தாறு லிட்டர் தண்ணீரைக் கொட்டும். வீட்டு உபயோக நீராவிக் கருவியின் தொட்டியோ ஒன்றிரண்டு லிட்டர்தான் கொள்ளும். நீர் குறைவாதலால், மின் இணைப்புகளுக்குள் அது புகும் அபாயமும் குறைவு. குறைவு என்றுதான் சொன்னேன். இல்லை என்று சொல்லவில்லை. ஆவியும் ஆறினால் நீர்தானே!

செய்யும் முறை

1. வண்டியை நிழலில் நிறுத்தி எஞ்சினை அணைத்து, கை வைத்தால் இளஞ்சூடாக உணரும்வரை ஆறவிட வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

2. பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை முதலில் கழற்ற வேண்டும்.

3. காய்ந்த இலை, மண், எலி கொண்டுவந்து சேர்த்த குப்பை ஆகியவற்றைப் பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டும். எலி கடித்த வயர் இருந்தால் அதைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு போகக் கூடாது. எங்கள் வேனில் கால் வாளி சருகு கிடைத்தது!

4. ஆல்டர்னேட்டர், பியூஸ் பெட்டி, காற்று வடிகட்டியின் வாய், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி, பேட்டரி ஆகியவற்றைப் பிளாஸ்டிக் தாளால் மூடிக் கட்ட வேண்டும். இந்த வேலை எனக்குத் தரப்பட்டது. அன்று நீர் புகுந்த இணைப்பை இரண்டு சுற்று அதிகமாகவே சுற்றினேன்.

5. கெட்டியாகப் படிந்த கிரீஸை முதலில் சுரண்டி எடுக்க வேண்டும். கிரீஸ் கரைக்கும் திரவத்தைச் சிறிது தடவிச் சில நிமிடம் ஊறவிடலாம்.

6. மேலிருந்து கீழாக, ஒரு சாண் அகலப் பகுதியாக ஆவி பிடிக்க வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தாமல் நாசிலை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இரும்புப் பகுதிக்கு அருகிலும், பிளாஸ்டிக், ரப்பர் குழாய்களுக்குச் சற்றுத் தள்ளியும் பிடிக்க வேண்டும். சென்சார்கள், வயர் இணைப்புகள், பெல்ட், எச்சரிக்கைத் தாள்கள் ஆகியவற்றின்மேல் ஆவி வேண்டாம். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

7. இளகிய அழுக்கை உடனே பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் ஆறி மறுபடியும் ஒட்டிக்கொள்ளும்.

8. முடிந்ததும் மூடிய தாள்களை நீக்கிக் காற்றடித்து உலர்த்தி, பானட்டைத் திறந்தே வைக்க வேண்டும். நன்றாக உலர்ந்த பிறகே பேட்டரியை இணைத்து, பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட வேண்டும்.

மறவாதீர்கள்!

நாசிலிலிருந்து வெள்ளைப் புகைபோல் வருவது உண்மையில் நீராவி அன்று. ஆறிப்போன நுண்துளிகளே அவை. உண்மையான நீராவி கண்ணுக்குத் தெரியாது. நாசிலின் முனைக்கும் வெண்புகைக்கும் நடுவே வெற்றிடம்போல் தோன்றும் இடம்தான் மிகவும் சுடும். ஆகவே கையுறை, கண்ணாடி, மூடிய காலணி மூன்றும் கட்டாயம். பெரியவர்கள் இல்லாமல் நாம் இக்கருவியைத் தொடக் கூடாது. மின்சாரக் கார்களிலும் ஹைபிரிட் கார்களிலும் ஆரஞ்சு நிறத்தில் செல்லும் கம்பிகளில் உயர் மின்னழுத்தம் உண்டு. அவ்வண்டிகளைப் பயிற்சி பெற்றவரிடமே விட்டுவிட வேண்டும்.

அழுக்குத் தண்ணீரைச் சாக்கடையில் விடுவதும் தவறு. மெக்கானிக் மாமா வண்டியின் அடியில் தட்டு வைத்து எண்ணெய் நீரைப் பிடித்தார். துடைத்த துணிகளைத் தனி டப்பாவில் போட்டு அடுப்படிக்கு எட்டாமல் வைத்தார். கழிவு எண்ணெயை அபாயக் கழிவாகவே 2016-ஆம் ஆண்டு இந்திய விதிகள் சேர்த்திருக்கின்றன.

மறைந்திருந்த உண்மை

இவ்வளவும் செய்து முடிக்க அரை நாள் ஆயிற்று. எஞ்சினின் உண்மையான நிறம் சாம்பல் என்பதை அன்றுதான் அறிந்தேன்! ஆனால் வேலை முடிந்துவிடவில்லை. “இரண்டு நாள் ஓட்டிட்டு வாங்கண்ணே” என்று சொல்லி அனுப்பினார் மாமா.

மூன்றாம் நாள் பானட்டைத் திறந்தபோது, சுத்தமான சாம்பல் நிறத்தின்மேல் ஒரே ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. எஞ்சினின் உச்சியிலுள்ள டேப்பட் கவரின் பேக்கிங் காய்ந்து விரிந்திருந்தது. அங்கிருந்து எண்ணெய் சொட்டுச் சொட்டாக வழிந்து, புகை வெளியேறும் சூடான குழாயின்மேல் விழுந்துகொண்டிருந்தது. எஞ்சின் எண்ணெய் சுமார் 200 டிகிரிக்கு மேல் சூடேறினால் தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். பாரம் இழுத்து ஓடும் வண்டியின் புகைக்குழாயோ அதைவிட அதிகமாகச் சூடேறும். பன்னிரண்டு பிள்ளைகள் நாள்தோறும் அமர்ந்து சென்ற வண்டி அது! அப்பா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார்.

புதிய பேக்கிங் போட ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. செலவு, இரண்டு நாள் டீசல் செலவுக்கும் குறைவு. வாடை அன்றோடு நின்றது.

ஆவி பிடித்தால் வண்டியின் வேகம் கூடாது. மைலேஜும் துள்ளி ஏறிவிடாது. அழுக்கு மறைத்து வைத்த பழுது நம் கண்ணில் படும், அவ்வளவுதான். ஆனால் அந்த ‘அவ்வளவு’ எத்தனை பெரியது என்பதை எங்கள் வீட்டார் அறிவோம். இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வேனின் பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பது என் வேலை. தோழியரே, இந்த வாரம் உங்கள் வீட்டு வண்டியையும் பெற்றோருடன் சேர்ந்து ஒருமுறை திறந்து பாருங்களேன்!