பிரசவப் பை தயாரா?

பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி என்பார்கள். வலி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. நடு இரவில் வரலாம். அடைமழையில் வரலாம். வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போன நேரத்தில் வரலாம். அப்போது துணியைத் தேடுவதா? அட்டையைத் தேடுவதா? வண்டியைத் தேடுவதா?

குழந்தை பிறந்ததும் சில பெண்களுக்கு உதிரம் நிற்காமல் போகும். சில மணி நேரத்தில் உயிரே போய்விடலாம். ஆஸ்பத்திரியில் இருந்தால் காப்பாற்றலாம். அதனால் நேரத்தை வீணாக்கக் கூடாது. ஏழு மாதம் முடிந்ததும் பையைக் கட்டி வைத்துவிடுங்கள்.

நாள் கணக்கு

கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாளை எழுதிக்கொள்ளுங்கள். அதோடு 9 மாதமும் 7 நாளும் கூட்டுங்கள். ஜனவரி 10 என்றால் அக்டோபர் 17 வரும். இது உத்தேசமான நாள்தான். இரண்டு வாரம் முன்னேயும் பிறக்கலாம், பின்னேயும் பிறக்கலாம்.

முதலில் காகிதங்கள்

தாய் சேய் நல அட்டைதான் மிக முக்கியம். உங்கள் இரத்தப் பிரிவு, இரத்த அழுத்தம், இரத்தத்தின் அளவு எல்லாம் அதில் இருக்கும். புதிய டாக்டர்கூட அதைப் பார்த்தால் உங்கள் நிலையைத் தெரிந்துகொள்வார். அட்டையை நீங்களே படித்துப் பாருங்கள். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. நர்சம்மாவிடம் கேளுங்கள்.

ஸ்கேன் சீட்டு, பரிசோதனைச் சீட்டு, ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் ஆகியவற்றையும் வையுங்கள். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போடுங்கள்.

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போகிறீர்களா? அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். இரண்டு ஊர் நர்சம்மாவிடமும் சொல்லிவிடுங்கள்.

அம்மாவுக்கு

முன்பக்கம் திறக்கும் நைட்டி அல்லது ரவிக்கையோடு சேலை, 3 செட். உள்ளாடைகள். நாப்கின் அல்லது பருத்தித் துணிகள். துண்டு, போர்வை, சோப்பு, சீப்பு, செருப்பு. தட்டு, டம்ளர், பிளாஸ்க். கொஞ்சம் பிஸ்கட், பேரீச்சம்பழம். செல்போன் சார்ஜர்.

துணிகளைச் சோப்புப் போட்டுத் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள். வெட்கப்பட்டு மறைவான இடத்தில் காயப்போட்டால் ஈரம் தங்கும். கிருமி வளரும்.

குழந்தைக்கு

பழைய வேட்டியும் சேலையும் மெத்தென்று இருக்கும். துவைத்துக் கிழித்து 8 அல்லது 10 துண்டுகள் வையுங்கள். ஒரு குல்லாய், காலுறை, கனமான போர்வை போதும். பிறந்த குழந்தையின் உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். தலை வழியாகச் சூடு போகும். அதனால்தான் குல்லாய்.

பையில் வைக்கக் கூடாதவை

தேன், சர்க்கரைத் தண்ணீர், பால் புட்டி, பால் பவுடர் வேண்டாம். பிறந்த 1 மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். மஞ்சளாக, கெட்டியாக இருக்கிறதே என்று பீய்ச்சிக் கொட்டிவிடாதீர்கள். நோயைத் தடுக்கும் சக்தி அதில்தான் இருக்கிறது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். நகையும் வேண்டாம். வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

பையோடு சேர்த்து முடிவு செய்யுங்கள்

எந்த ஆஸ்பத்திரி? எந்த வண்டி? 108 வண்டி ஓடும் மாநிலம் என்றால் அந்த எண்ணைச் சுவரில் எழுதுங்கள். கூட வருவது யார்? மூத்த குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்? இரத்தம் தேவைப்பட்டால் கொடுக்க யார் தயார்? கையில் கொஞ்சம் பணமும் சேர்த்து வையுங்கள்.

எப்போது கிளம்புவது?

வலி விட்டு விட்டு வந்து, வரவர நெருங்கினால் கிளம்புங்கள். பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் கிளம்புங்கள். உதிரம் பட்டாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். கடுமையான தலைவலி, கண் மங்கல், வலிப்பு, காய்ச்சல் வந்தாலும் அப்படியே. நல்ல நேரம் பார்க்க வேண்டாம். பெரியவர்கள் வரட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம்.

உங்கள் உரிமை

அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் இலவசம். இதற்காக ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் என்ற திட்டம் 2011-ல் தொடங்கியது. மருந்து, பரிசோதனை, இரத்தம், ஆபரேஷன், போக வர வண்டி எதற்கும் பணம் இல்லை. சுகப்பிரசவம் என்றால் 3 நாள் வரை சாப்பாடு உண்டு. ஆபரேஷன் என்றால் 7 நாள் வரை உண்டு. ஊசியோ கையுறையோ வெளியே வாங்கி வரச் சொன்னால், ஏன் என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் பெரிய டாக்டரிடம் சொல்லுங்கள்.

வீடு திரும்பும் முன்

சுகப்பிரசவம் ஆனாலும் 48 மணி நேரம் ஆஸ்பத்திரியில் இருங்கள். உதிரப்போக்கு ஆபத்து முதல் நாளில்தான் அதிகம். குழந்தையின் எடையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பி.சி.ஜி., போலியோ சொட்டு, மஞ்சள் காமாலைத் தடுப்பூசி மூன்றும் போட்டார்களா என்று பாருங்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யுங்கள்.

வீட்டில் உடம்பைத் தேற்றுவது

பத்தியம் என்று சோற்றையும் தண்ணீரையும் குறைக்காதீர்கள். பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கத்தைவிட அதிகச் சாப்பாடு தேவை. கீரை, பருப்பு, முட்டை, மீன் எது கிடைத்தாலும் சாப்பிடலாம். இரும்புச் சத்து மாத்திரையை 180 நாள் சாப்பிடுங்கள். தொப்புளில் சாம்பல், மஞ்சள், எண்ணெய் எதுவும் தடவாதீர்கள். அது தானாகக் காய்ந்து விழும்.

தாய்க்குத் துணி நனைந்து நனைந்து உதிரம் போனால், காய்ச்சலோ கெட்ட வாடையோ வந்தால், கால் வீங்கி வலித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழந்தை பால் குடிக்காவிட்டால், உடம்பு சில்லென்று ஆனால், வேகமாக மூச்சு வாங்கினால் உடனே தூக்கிச் செல்லுங்கள். தாய் காரணமில்லாமல் அழுதுகொண்டே இருந்தால் திட்டாதீர்கள். அதுவும் ஒரு நோயாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள்.

பேசுவோம், எழுதுவோம்

1. உங்கள் தெருவில் கர்ப்பமாக இருக்கும் பெண் யார்? இந்தப் பாடத்தை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.
2. அவர் பையில் வைக்க வேண்டிய பொருள்களை எழுதிக் கொடுங்கள்.
3. நம் ஊரில் இரவு நேரத்தில் வண்டி கிடைக்குமா? கிடைக்காவிட்டால் என்ன செய்யலாம்?
4. நிரப்புங்கள்:
நர்சம்மா பெயர் ..............
போன் எண் ..............
போக வேண்டிய ஆஸ்பத்திரி ..............