பொத்தி நம்முடையது, விதை யாருடையது?

மெக்சிக்கோவில் விடியற்காலையில் சுடச்சுட ‘அத்தோலே’ குடிப்பார்கள். சுண்ணாம்பு நீரில் அவித்து அரைத்த சோள மாவைக் கரைத்து, கறுவாவும் வெல்லமும் போட்டுக் காய்ச்சிய கூழ். அதற்குள் கொக்கோவும் விழுந்தால் பெயர் ‘சம்புராடோ’. பெருவில் ஊதாச் சோளத்தை அன்னாசித் தோல், கறுவா, கராம்போடு அவித்து வடித்து, தேசிக்காய் பிழிந்து, சீனி போட்டுக் குளிரவைத்துக் குடிக்கிறார்கள். பிலிப்பைன்சில் துருவிய ஐஸ், சோளம், பால், சீனி என்று ஒரு கிண்ணம். வியட்னாமின் ஹுவே நகரில் இளஞ்சோளத்தில் தேங்காய்ப்பால் விட்ட பாயாசம். மலேசியாவின் ஐஸ் கச்சாங்கிலும் சோளம் உண்டு. கொரியர்கள் வறுத்த சோளத்தில் தேநீர்போல ஒன்று வைக்கிறார்கள். பொத்தியின் நுனியில் தொங்கும் நாரைக்கூட விட்டுவைக்காமல் அதையும் அவித்துக் குடிக்கிறார்கள். ஜப்பானில் தெருவோர இயந்திரத்தில் காசு போட்டால் சூடான சோளச் சூப் ரின்னில் வந்து விழும். அது இனிப்பில் சேருமா என்பது தனி வழக்கு.

இப்படிச் சோளத்தில் செய்கிற இனிப்புகளைத் தேடித் தொகுப்பதுதான் எனக்குத் தரப்பட்ட வேலை. தொகுத்து முடித்தபோது ஒன்று தெரிந்தது. இதில் பாதியை வன்னியில் இரணைமடுக் குளக்கட்டுக்குக் கீழே உள்ள எந்தக் குசினியிலும் இன்றைக்கே செய்யலாம். தேங்காய் இருக்கிறது, பனங்கட்டி இருக்கிறது, கறுவா கடையில் இருக்கிறது, சோளம் காணியில் இருக்கிறது. ஆனாலும் நாம் சோளத்துக்குச் செய்கிற மரியாதை, உப்புப் போட்டு அவிப்பதோடு முடிகிறது. ஏ-9 வீதியில் முறிகண்டிக் கச்சானுக்கு ஒரு பெயர் உண்டு. வவுனியா தாண்டித் தெற்கே போனால் ஆவி பறக்கும் சோளப் பொத்திக்கு ஒரு பெயர் உண்டு. இனிப்பு என்று வரும்போது மட்டும் நமக்குச் சோளம் பெட்டிக்குள் வருகிற மாதான். வீட்டுக்கு வீடு காய்ச்சுகிற கஸ்ரட் பவுடர் பெரும்பாலும் சோள மாதான். முட்டை ஒத்துக்கொள்ளாத மனைவிக்காக 1837இல் இங்கிலாந்து மருந்தாளர் ஒருவர் கண்டுபிடித்தது.

பிரேசில்காரர் ஜூன் மாதத் திருவிழாக்களில் செய்கிற ‘குராவ்’ என்ற இனிப்பு எனக்கு மிகவும் பிடித்துப்போனது. அதற்குப் பக்குவமான பொத்தி வேண்டும். நார் வெளியே வந்து மூன்று கிழமை அளவில், அது பழுப்பாகிக் காயத் தொடங்கும் நேரம், மணியை நகத்தால் அழுத்தினால் வெள்ளைப் பால் தெறிக்க வேண்டும். தண்ணீர் மாதிரித் தெறித்தால் இன்னும் பொறுக்க வேண்டும். மாவாகப் பிதுங்கினால் காலம் பிந்திவிட்டது. மணியைச் சீவி, கொஞ்சப் பாலோடு அரைத்து, துணியில் பிழிய வேண்டும். சக்கையை எறிந்துவிட்டு, பிழிந்ததைச் சீனியோடு மெல்லிய நெருப்பில் கைவிடாமல் துழாவ வேண்டும். ஜெலற்றின், கோன்ஃப்ளவர் எதுவும் தேவையில்லை. சோளத்துக்குள் இருக்கிற மாப்பொருளே இறுக்கிவிடும். ஆடிக்கூழ் துழாவிப் பழகிய கைக்கு இது புது வேலை இல்லை. மாட்டுப்பாலுக்குப் பதில் தேங்காயின் முதற்பாலும், சீனிக்குப் பதில் பனங்கட்டியும் போட்டால் நிறம் கறுக்கும், வாசம் ஊரையே கூப்பிடும்.

கடையில் இருக்கிற ‘ஸ்வீட் கோர்ன்’ வேறு சாதி. மணியில் உள்ள சீனி மாப்பொருளாக மாறுவதைத் தடுக்கும் மரபணுக் குறைபாடு ஒன்று அதில் இருக்கிறது. அதிலும் கூடிய இனிப்புள்ள வகைகளை 1950களில் அமெரிக்க ஆய்வாளர்கள் அடையாளம் கண்டு வளர்த்தெடுத்தார்கள். பழைய வகைகள் முறித்த கணத்திலிருந்தே இனிப்பை இழக்கும்; நம் வெயிலில் ஒரு நாள் கிடந்தால் பாதி போய்விடும். அதனால்தான் ரின்னும் குளிர்பெட்டியும் தேவைப்பட்டன. காலையில் முறித்துப் பத்து மணிக்கு அடுப்பில் ஏற்றக்கூடிய ஓர் ஊருக்கு இரண்டும் எதற்கு? அத்தோலேயும் பெருவின் ஊதாப் பானமும் ஸ்வீட் கோர்னில் பிறந்தவையல்ல. முற்றிய சாதாரணச் சோளத்தில் பிறந்தவை.

இனி என்னை உண்மையில் அரிக்கிற விடயத்துக்கு வருகிறேன்.

வன்னியில் இப்போது விதைக்கிற சோளத்தில் பெரும்பகுதி கோழித்தீனிக்குப் போகிற கலப்பின விதை. வெளிநாட்டில் உருவாகிப் பையில் அடைத்து வருவது. அதன் பொத்தியிலிருந்து விதை எடுத்துப் போட்டால் அடுத்த போகத்தில் ஒரு செடிக்கு மற்றச் செடி ஒத்துவராது, விளைச்சலும் விழும். ஒவ்வொரு போகமும் கடைக்குப் போகத்தான் வேண்டும். சோளம் காற்றில் மகரந்தம் பரப்புகிற பயிர் என்பதால் வேலியும் உதவாது. பக்கத்துக் காணியில் தீனிச்சோளம் அதே நேரம் பூத்தால் உங்கள் ஸ்வீட் கோர்ன் மணி அந்தப் போகத்திலேயே மாத்தன்மையாகிவிடும். நாட்டுச்சோளம் வைத்திருப்பவரின் விதையும் கலந்துவிடும்.

முன்பு சேனையில் முதல் மழைக்குச் சோளத்தை ஊன்றினார்கள். நல்ல பொத்தி நாலைந்தைத் தோலோடு பின்னி அடுப்புக்கு மேலே கட்டிவிடுவார்கள். புகை பட்டுப் பட்டுக் கறுத்துப்போகும், வண்டு அண்டாது. அடுத்த மழைக்கு அதுதான் விதை. 2008, 2009 போரில் அடுப்பையும் கூரையையும் விட்டு ஓடிய சனம் அந்தப் பொத்திகளைத் தூக்கிக்கொண்டா ஓடியது? மீளக் குடியேறியபோது கையில் கிடைத்தது பைவிதை. 2018 காலபோகத்தில் படைப்புழு வந்து குருத்தைத் தின்றபோது, அந்த விதைக்குக் கடன் பட்டவர்கள் புழுவுக்கும் மருந்துக்கும் சேர்த்துக் கடன் பட்டார்கள். சோளத்தைப் போலவே அமெரிக்காக் கண்டத்துப் பிறவிதான் அந்தப் புழுவும். 2016இல் ஆபிரிக்காவில் கண்டார்கள், 2018இல் இந்தியாவிலும் இலங்கையிலும் நின்றது.

கலப்பின விதை இல்லாவிட்டால் விளைச்சல் கட்டாது என்பார்கள். தீனிக்கு விற்கிறவருக்கு அது சரி. நான் பேசுவது வீட்டுக் காணியில் கால் ஏக்கர் பற்றி. இரணைமடுக் குளம் 36 அடியாக உயர்ந்த பிறகும் சிறுபோகத்தில் எல்லாக் காணிக்கும் நெல்லுக்குத் தண்ணீர்ப் பங்கு வருவதில்லை. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் அடிபடுகிற கதை எல்லாருக்கும் தெரியும். சோளம் நெல்லைவிட மிகக் குறைந்த தண்ணீரில் விளையும். யானையும் குரங்கும் விட்டுவைத்தால்!

விதை மீளப் பெறுவது முடியாத காரியம் அல்ல. பத்ரா, ருவன் என்று இந்த நாட்டிலேயே வெளியிடப்பட்ட கலப்பினமல்லாத சோள வகைகள் உண்டு. அவற்றில் விதை எடுத்து வைக்கலாம். இரண்டு மூன்று செடியில் மட்டும் எடுத்தால் பரம்பரை மெலிந்துவிடும், பல செடிகளில் எடுக்க வேண்டும். அயலில் தீனிச்சோளம் இருந்தால் மூன்று கிழமை முந்தியோ பிந்தியோ ஊன்றினால் பூக்கும் காலம் விலகிப்போகும்.

ஒட்டுசுட்டானிலோ நெடுங்கேணியிலோ மாங்குளத்திலோ யாருடைய குசினியிலாவது புகையில் கறுத்த பழைய நாட்டுச்சோளப் பொத்தி இன்னும் தொங்கினால், அதைக் கூழுக்கு உதிர்த்துவிடாதீர்கள். இந்தக் காலபோகத்துக்கு முன் அயலில் இரண்டு வீட்டுக்காவது ஒவ்வொரு கைப்பிடி கொடுங்கள்.