கண்ணாடிக் குடிலின் காவலாள்

இங்கிலாந்தின் புறநகர் வீடுகளில், கொல்லைப்புறத்தே சிறு கண்ணாடிக் குடில் ஒன்றைக் காண்பது அரிதன்று. எட்டடி நீளமும் ஆறடி அகலமும் அதன் வழக்கமான அளவு. அந்நாட்டுக் குளிருக்குத் தப்பித் தக்காளி நாற்றுகளும் பூச்செடிகளும் அதனுள் வளர்கின்றன. குளிரிலிருந்து காப்பதற்கென்று கட்டிய அந்தக் குடிலில் செடிகள் வெப்பத்தால் வாடி மடிவதும் உண்டென்றால் மாணவ நேயர்கள் வியப்படையக்கூடும்.

மார்ச்சு மாதத்துக் காலைப்பொழுது. வெளியே வெப்பநிலை 10 டிகிரி. வீட்டுக்காரர் குடிலை இறுகச் சாத்திவிட்டு அலுவலகம் செல்கிறார். பிறகு மேகம் விலகி வெயில் அடிக்கிறது. அவர் நண்பகல் உணவுக்கு அமருமுன்னரே உள்ளே 30 டிகிரியைத் தாண்டிவிடக்கூடும். பெரிய பூங்காக்களிலுள்ள கண்ணாடி மாளிகையில் இத்துணை விரைவு இராது. சிறு குடிலில் அடைபட்டிருக்கும் காற்று கொஞ்சம். அது சட்டென்று சூடேறும், சட்டென்று ஆறும்.

இச்சூடு எப்படி வருகிறது? கண்ணாடி வெப்பக் கதிர்களைச் சிறைப்பிடிக்கிறது என்பதே நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்த விடை. 1909-இல் ராபர்ட் வுட் என்னும் அமெரிக்க அறிஞர் இரு பெட்டிகளை வெயிலில் வைத்தார். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி. மற்றொன்றுக்கு வெப்பக் கதிர்களை வெளியே விட்டுவிடும் பாறையுப்பு மூடி. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சூடேறின! சூடான காற்று மேலெழுந்து வெளியேற வழியில்லாமையே முதற்காரணம் என்பது இதனால் விளங்கிற்று. ஆகவே பரிகாரமும் கூரையில்தான் இருக்கிறது. தரைப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூரைச் சாளரம் வேண்டும் என்பது அந்நாட்டுத் தோட்டக்கலையாளர் கணக்கு. நமது குடிலின் 48 சதுர அடிக்கு ஏறத்தாழ 10 சதுர அடி. விலைக்கு வரும் சிறு குடில்கள் பலவற்றில் இதில் பாதியும் இராது.

சாளரத்தைத் திறக்க ஆள் வேண்டுமே? மெழுகே அவ்வேலையைச் செய்யும். ஓர் உலோகக் குழாயில் மெழுகை அடைத்து, அதன் முனையில் உந்துதண்டு ஒன்றைப் பொருத்துகிறார்கள். வெப்பம் ஏறினால் மெழுகு உருகிப் பருத்துத் தண்டைத் தள்ளும், சாளரம் எழும்பும். குளிர்ந்தால் மெழுகு சுருங்க, வில்லின் விசையால் சாளரம் மூடிக்கொள்ளும். மின்சாரம் வேண்டியதில்லை. ஆனால் மெழுகு சற்று மந்தபுத்தி. வெயில் திடீரென அடித்தால் அதற்கு உறைக்கச் சிறிது நேரம் பிடிக்கும்.

விரைவு வேண்டுவோர் மின்விசிறியும் சூடேற்றியும் வைத்து, அவற்றை வெப்ப உணரியோடு இணைக்கின்றனர். உள்ளங்கையில் அடங்கும் சிறு கணிப்பொறிகள் இன்று மலிவாகவே கிடைப்பதால் இது கல்லூரி மாணவரும் செய்யக்கூடிய வேலை. சிக்கல் கருவியில் இல்லை. அதற்கு நாம் இடும் கட்டளையில் இருக்கிறது. 25 டிகிரியில் விசிறி ஓடுக, அதற்குக் கீழே நிற்க என்று விதித்தால், அந்த எல்லையிலேயே அது ஓடுவதும் நிற்பதுமாகத் தடுமாறித் தேய்ந்துபோகும். 27-இல் ஓடி 24-இல் நிற்குமாறு இடைவெளி விடவேண்டும். சூடேற்றிக்கும் சாளரத்துக்கும் இடையே இன்னும் பெரிய இடைவெளி தேவை. சூடேற்றி 7 டிகிரியில் நின்றுவிட, சாளரம் 18-க்கு மேல் திறக்கட்டும். இரண்டும் நெருங்கினால் ஒன்று காசைச் செலவிட்டுச் சூடேற்ற, மற்றொன்று அதை வானத்துக்கு வாரி வழங்கும்.

உணரியை எங்கே வைப்பது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. வெயில் நேரே பட்டால் அது காற்றின் வெப்பத்தைக் காட்டாது. தான் அடைந்த சூட்டையே காட்டும். வெண்மையான, காற்றோட்டமுள்ள மறைப்புக்குள், செடிகளின் உயரத்தில் அதைத் தொங்கவிடவேண்டும்.

வெப்பம் ஒன்றையே கருதி இரவு முழுதும் அடைத்துவைத்தாலும் கேடுண்டு. ஈரம் இலைகளில் படிந்து சாம்பல் நிறப் பூசணம் பிடிக்கும். ஆதலால் குளிர்நாளிலும் காலையில் சற்று நேரம் சாளரத்தைத் திறக்குமாறு கணிப்பொறிக்குச் சொல்லி வைக்கலாம். மின்சாரம் நின்றாலோ இக்கட்டளைகள் யாவும் நின்றுவிடும். அந்நேரத்தில் வெயில் காய்ந்தால் செடிகளுக்கு வேறு துணையில்லை. ஆகையால் கூரைச் சாளரம் ஒன்றையேனும் மெழுகின் பொறுப்பில் விட்டுவைப்பர் விவரமறிந்தோர்.