முப்பது ஆண்டுக் கெடு

கோதாவரி கடலில் கலக்கும் இடத்தில், ஆறு அடித்துவந்த வண்டல் படிந்து தீவுகள் எழுந்தன. அந்தப் புதுமண் யாருடையது என்ற வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. கடலடி நிலம் அரசுடையது என்பதால் அதன்மேல் எழுந்த தீவும் அரசுடையதே. நெடுங்கால அனுபவத்தால் தமக்குச் சொந்தம் என்பவர் 60 ஆண்டு அனுபவத்தைத் தாமே நிரூபிக்க வேண்டும் என்று 1916-இல் தீர்ப்பானது.

மன்னருக்கு எதிராகக் காலம் ஓடாது என்பது பழைய ஆங்கிலச் சட்டக் கொள்கை. 1769-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிலத்தை மீட்க வழக்குப் போட மன்னருக்கும் 60 ஆண்டுக் கெடு வைத்தது. இந்தியாவின் 1908 காலவரம்புச் சட்டத்திலும் அரசுக்கு அதே 60 தான். 1963 சட்டம் அதை 30 ஆக்கியது. தன் நிலத்தை மீட்க வழக்குப் போடத் தனியாருக்கு 12 ஆண்டுதான். அவர் தன் வேலியைத் தானே பார்த்துக்கொள்வார். அரசின் புறம்போக்கோ ஊர்தோறும் சிதறிக் கிடக்கிறது, பார்க்க வேண்டிய அதிகாரிகளும் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்.

குடியேறிய நாளிலேயே கெடு தொடங்கிவிடாது. அனுபவம் வெளிப்படையாக, இடைவிடாமல், உரிமையாளரை மறுத்து நடக்க வேண்டும். குத்தகைக்கோ அனுமதியின் பேரிலோ இருப்பவருக்கு எத்தனை தலைமுறை போனாலும் அது ஓடாது. ஆக்கிரமிப்பாளருக்கு வருவாய்த் துறை தண்டம் விதித்துத் தரும் ‘பி மெமோ’வைப் பலர் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அனுபவத்தைக் காட்ட அது உதவலாம். நிலம் அரசுடையது என்பதையும் அதே தாள் சொல்லிவிடுகிறது.

கெடு முடிந்தால் நடப்பதுதான் விந்தை. கடனுக்குக் கெடு முடிந்தால் வழக்குப் போட முடியாது, ஆனால் கடன் அழியாது. நிலத்திலோ, 1963 காலவரம்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி உரிமையே அழிந்துபோகிறது.

சென்னை மாகாணத்தின் 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அரசு நோட்டீஸ் கொடுத்து, நீதிமன்றம் போகாமலே வெளியேற்றலாம். ஆனால் நெடுங்கால அனுபவமும் உண்மையான உரிமைத் தகராறும் இருந்தால் சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று, உஸ்மானியா பல்கலைக்கழக நில வழக்கில் 1982-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கே அந்த 30 ஆண்டு குறுக்கே நிற்கும்.

இதே வழி அரசுக்குத் திறக்காது. 1967-68-இல் இமாச்சலில் சாலைக்காக இழப்பீடின்றி எடுத்த ஒரு மூதாட்டியின் நிலத்தை, நெடுங்கால அனுபவத்தைக் காட்டி மாநில அரசு தன்னுடையது என்றது. குடிமக்களின் சொத்தை அரசு இப்படி அடைய முடியாது என்று 2020-இல் மறுத்த உச்ச நீதிமன்றம், இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது.