பார்த்தால் மட்டும் போதாது: முதியோரும் உடற்பயிற்சிக் காணொளிகளும்

எங்கள் முதியோர் நலப் பிரிவுக்குத் திருமழபாடியிலிருந்து 72 வயது மூதாட்டி ஒருவரை அவருடைய மருமகள் அழைத்து வந்தார். (அவரை அடையாளம் காண இயலாதவாறு சில விவரங்களை மாற்றியுள்ளோம்.) மூன்று மாதங்களுக்கு முன்பு அவர் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்திருந்தார். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆயினும் மீண்டும் விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் அன்று முதல் அவரைக் கட்டிலிலேயே இருத்திவிட்டது. கடைத்தெருவுக்குப் போவது நின்றது; வைத்தியநாதசுவாமி கோயிலுக்குப் போவது நின்றது; முடிவில் கழிப்பறைக்குச் செல்லவும் ஒருவர் கைபிடிக்க வேண்டியதாயிற்று.

திருப்பூரில் பணிபுரியும் மகன், நாள்தோறும் உடற்பயிற்சிக் காணொளிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பிவந்தார். "பாத்தீங்களாம்மா?" என்று கேட்பார். "பாத்தேம்ப்பா, நல்லா இருந்துச்சு" என்பார் தாய். அவர் பொய் சொல்லவில்லை. எல்லாவற்றையும் கட்டிலில் அமர்ந்தபடியே பார்த்திருக்கிறார்.

இதே நிலையைப் பல குடும்பங்களில் காண்கிறோம். காணொளி நல்ல கருவிதான். ஆனால் அதனை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, எவ்வாறு பயன்படுத்துவது என்பதை அறிந்திருந்தால்தான் அது முதியவரை எழுந்து நிற்கவைக்கும்.

இந்த வயதில் உடற்பயிற்சி எதற்கு?

"நடவும் களையெடுப்புமா உழைச்ச உடம்பு இது, இனிமே எதுக்குப் பயிற்சி?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் உழைத்த காலத்துத் தசை இன்றைக்கு உதவாது. பயன்படுத்தாத தசை எந்த வயதிலும் மெலியும்; முதுமையில் அது விரைவாக மெலியும். தொடைத் தசை வலுவிழந்தால் நாற்காலியிலிருந்து எழ முடியாது. கணுக்கால் வலுவிழந்தால் தடுமாறும்போது உடலை நிலைநிறுத்த முடியாது. விழுந்த பின் அச்சத்தால் அசையாதிருப்பவருக்கு இவ்விரண்டும் மேலும் குறைகின்றன. எனவே விழாமல் இருப்பதற்காக அவர் அமர்ந்திருப்பதே அடுத்த வீழ்ச்சிக்கு வழியமைக்கிறது.

இழந்த வலுவை மீட்க முடியும் என்பதே நற்செய்தி. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, சராசரியாக 90 வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரங்கள் கால் தசைப் பயிற்சி அளித்து, அதன் முடிவை 1990-இல் வெளியிட்டனர். பயிற்சியை நிறைவுசெய்தவர்களுடைய தசை வலு சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்திருந்தது. தொண்ணூறிலும் தசை பயிற்சிக்குச் செவிசாய்க்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 65 வயதைக் கடந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும்; வாரம் மூன்று நாட்களேனும் சமநிலையையும் வலுவையும் வளர்க்கும் பயிற்சிகளைச் செய்ய வேண்டும். அந்த அளவை எட்ட முடியாதவர்கள் இயன்றதைச் செய்தாலும் நன்மையுண்டு.

காணொளி எதைச் செய்யும், எதைச் செய்யாது?

ஒலிபரப்பின் வழியே மக்களை உடற்பயிற்சி செய்யவைப்பது புதிதன்று. ஜப்பானில் 1928-ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்று வானொலி உடற்பயிற்சி தொடங்கியது. இன்றும் அங்கே முதியோர் பலர் காலையில் பூங்காக்களில் கூடி, ஒலிக்கும் இசைக்கேற்பக் கைகால்களை அசைக்கின்றனர். அதன் வெற்றிக்குக் காரணங்கள் எளியவை: ஒரே நேரம், ஒரே பயிற்சி, உடன் நாலு பேர்.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தினர் வீட்டிலேயே செய்வதற்கான வலு, சமநிலைப் பயிற்சித் தொகுப்பு ஒன்றை உருவாக்கினர். அது முதியோர் விழுவதை ஏறத்தாழ 35 விழுக்காடு குறைத்தது. அங்கே பயிற்சியைச் செய்தவர் வீட்டில் தனியாகத்தான் செய்தார். ஆனால் பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டிற்கு வந்து, அவரவருக்கு ஏற்றதைத் தேர்ந்தளித்து, அவ்வப்போது சரிபார்த்தார்.

காணொளி செய்துகாட்டும், ஆனால் உங்கள் தாயின் முழங்கால் வலியையோ, தந்தையின் தலைச்சுற்றலையோ அது அறியாது. அந்தக் குறையை மருத்துவரும் குடும்பத்தினரும் நிரப்ப வேண்டும்.

எந்தக் காணொளியைத் தேர்ந்தெடுப்பது?

• மருத்துவமனையோ, அரசு நலத்துறையோ, தகுதி பெற்ற இயன்முறை மருத்துவரோ வழங்கியதாக இருக்கட்டும். "ஏழே நாளில் மூட்டு வலி மறையும்" என்பதைத் தவிருங்கள்.
• தமிழில், நிதானமாக, நாற்காலியைப் பிடித்தபடி செய்துகாட்டுவதாக இருக்கட்டும்.
• பத்து முதல் இருபது நிமிடம் போதும். நாளுக்கொரு காணொளி வேண்டாம்; ஒன்றையே சில வாரங்கள் தொடருங்கள்.
• குதித்தல், தரையில் சட்டென அமர்ந்தெழுதல், கழுத்தைச் சுழற்றுதல் ஆகியவை உள்ளவற்றை ஒதுக்குங்கள். எலும்பு மெலிவு நோய் உள்ளவர்கள் முதுகை வளைத்து முன்குனியும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும்.
• முதியவரிடம் காட்டுவதற்கு முன் நீங்களே ஒருமுறை முழுமையாகச் செய்துபாருங்கள்.

வீட்டை ஆயத்தம் செய்தல்

வழுவழுப்பான தரையில் பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். மரத்தாலோ இரும்பாலோ ஆன, கைப்பிடியுள்ள நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். கால்மிதியை அகற்றுங்கள். புடவை, வேட்டி கணுக்காலுக்கு மேல் இருக்கட்டும்.

கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு பயிற்சி செய்யக் கூடாது. குனிந்து திரையைப் பார்ப்பதே தடுமாற்றத்தை உண்டாக்கும். கண் மட்டத்தில் அதனை நிறுத்துங்கள். தொலைக்காட்சியில் இணைக்க முடிந்தால் மேலும் நல்லது. காணொளியைத் தரவிறக்கி வைத்தால் இடையில் விளம்பரம் குறுக்கிடாது. திரையில் இருப்பவர் எதிரே நிற்பதால் இடம் வலம் குழம்பும். இரு பக்கமும் சம அளவில் செய்தால் போதுமென்று பெரியவரிடம் சொல்லிவிடுங்கள்.

கோடையில் வெயில் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் செய்யக் கூடாது; அருகில் சிறிது சர்க்கரை வைத்திருக்க வேண்டும்.

தொடங்குவதற்கு நான்கு பயிற்சிகள்

1. அமர்ந்து எழுதல்: நாற்காலியின் முன்பகுதியில் அமர்ந்து, பாதங்களைப் பின்னிழுத்து, மெல்ல எழுந்து மெல்ல அமருங்கள். முதலில் கைப்பிடியை ஊன்றலாம். ஐந்து முறை.
2. குதிகால் உயர்த்துதல்: உறுதியான மேடையைப் பிடித்துக்கொண்டு இரு குதிகால்களையும் உயர்த்தி இறக்குங்கள். பத்து முறை.
3. நின்ற இடத்தில் நடை: ஒரு கையால் பிடித்தபடி முழங்கால்களை மாறி மாறி உயர்த்துங்கள். ஒரு நிமிடம்.
4. அடிமேல் அடி நிற்றல்: ஒரு பாதத்தின் குதிகால் மற்றொன்றின் விரல்களைத் தொடுமாறு நில்லுங்கள். பத்து நொடி. மேடையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அருகில் ஒருவர் இருக்கட்டும்.

மூச்சை அடக்கக் கூடாது. பயிற்சியின்போது பேச முடிய வேண்டும். பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதமான அளவு. முடித்த பின் இரண்டு மணி நேரத்திற்கு மேலும் மூட்டு வலி நீடித்தால், அடுத்த முறை அளவைக் குறையுங்கள். அடியோடு நிறுத்த வேண்டாம்.

ஊக்கப்படுத்துவது எப்படி?

அறிவுரையை விட உடனிருத்தல் பயன் தரும். வெளியூரில் இருப்பவர்கள் காணொளியை அனுப்பிவிட்டு "செய்தீர்களா?" என்று கேட்பதற்குப் பதிலாக, வீடியோ அழைப்பில் தாமும் சேர்ந்து செய்யலாம். காலைக் காப்பிக்குப் பின் என்பது போல, ஏற்கெனவே உள்ள பழக்கம் ஒன்றோடு பயிற்சியை இணையுங்கள். செய்த நாளை நாட்காட்டியில் அவரே குறிக்கட்டும். விட்டுப்போன நாளுக்காகக் கடிந்துகொள்ளாதீர்கள். "எலும்பு உறுதிப்படும்" என்பதை விட, "யார் துணையும் இல்லாமல் கொல்லைக்குப் போகலாம்" என்பது அவருக்கு நெருக்கமான இலக்கு.

முதலில் மருத்துவரைக் காண வேண்டியவர்கள்

அண்மையில் மாரடைப்பு, பக்கவாதம், எலும்பு முறிவு, அறுவை சிகிச்சைக்கு உள்ளானவர்கள், கட்டுப்படாத இரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர்கள், ஓராண்டுக்குள் விழுந்தவர்கள், எழும்போது தலை சுற்றுபவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். விழுவதற்கு மாத்திரைகளும் பார்வைக் குறைவும் காரணமாகலாம். அவற்றைப் பயிற்சி சரிசெய்யாது.

பயிற்சியின்போது மார்பு வலி, மயக்கம், கடும் மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே நிறுத்தி 108-ஐ அழையுங்கள்.

மருத்துவமனைக்கு வர இயலாதவர்களுக்காக, 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இல்லம் தேடி வரும் இயன்முறை சிகிச்சையும் அடங்கும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

அந்த மூதாட்டி இப்போது

முதல் நாளில் அவருடைய இரத்த அழுத்த மாத்திரையின் அளவை மாற்றினோம். எங்கள் இயன்முறை மருத்துவர் மேற்கண்ட நான்கு பயிற்சிகளைக் கற்றுத்தந்து, அவர் செய்வதையே மருமகளின் கைப்பேசியில் பதிவுசெய்து கொடுத்தார். தம்மையே திரையில் கண்டபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி மாலையில் உடன் நின்று செய்தாள். மகன் ஞாயிறுதோறும் வீடியோ அழைப்பில் சேர்ந்துகொண்டார்.

கைகளைப் பயன்படுத்தாமல் 30 நொடிகளில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழ முடிகிறது என்பது கால் வலுவை அளக்கும் எளிய சோதனை. அவர் வயதுப் பெண்களுக்குப் பத்துக்குக் குறைந்தால் விழும் ஆபத்து அதிகமென்று கொள்கிறோம். முதல் நாளில் அவர் எழுந்தது நான்கு முறை. பன்னிரண்டு வாரங்களுக்குப் பின் ஒன்பது முறை. இன்னும் பத்தை எட்டவில்லை. அச்சமும் முழுதும் நீங்கவில்லை. ஆனால் கழிப்பறைக்குத் தாமே செல்கிறார்.

அவருடைய இலக்கு என்னவென்று கேட்டோம். பங்குனியில் தம் ஊரில் நடக்கும் நந்தியம்பெருமான் திருக்கல்யாணத்தைக் கூட்டத்தோடு நின்று காண வேண்டும் என்றார். அதற்குச் சில மாதங்கள் உள்ளன. உங்கள் வீட்டுப் பெரியவருக்கும் இப்படி ஓர் ஆசை இருக்கும். முதலில் அதைக் கேளுங்கள். காணொளியை அதன் பிறகு தேடலாம்.