இமோஜென் (பெயர்)

இமோஜென் என்பது ஆங்கிலம் பேசும் நாடுகளில் பெண்களுக்கு இடப்படும் ஒரு முதற்பெயர் ஆகும். வில்லியம் ஷேக்ஸ்பியரின் சிம்பலைன் என்னும் நாடகத்தின் தலைவி இப்பெயர் கொண்டவள். அந்நாடகம் 1623 இல் முதன்முறையாக அச்சேறியபோது அவளது பெயர் இவ்வாறு அச்சிடப்பட்டது. பிற்காலத்தில் இப்பெயர் பரவியதும் அதனாலேயே ஆகும். எனினும், ஷேக்ஸ்பியர் எழுதியது இன்னோஜென் என்றும், கையெழுத்துப்படியிலிருந்து அச்சுக்குச் செல்லும் வழியில் அது இமோஜென் எனத் திரிந்துவிட்டது என்றும் ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அவர்கள் கருத்து சரியாயின், இன்று பல நாடுகளில் பிறப்புப் பதிவேடுகளில் இடம்பெறும் இப்பெயர் ஓர் எழுத்துப்பிழையிலிருந்து பிறந்தது ஆகும்.

ஒலிப்பு

ஆங்கிலத்தில் முதல் அசை அழுத்தம் பெறுகிறது. பின்னிரு அசைகளும் குறுகி ஒலிப்பதால் கேட்பதற்கு இமஜன் என்பது போல் இருக்கும். செருமன் மொழியில் 'ஜெ' ஒலி ககரமாகி இமோகென் என ஒலிக்கப்படுகிறது. அமெரிக்காவில் இறுதியில் ஓர் எழுத்துக் கூட்டி எழுதப்படும் வடிவம் இமொஜீன் என நீண்டு ஒலிக்கும். வீட்டில் அழைக்கும் சுருக்கப் பெயர்களுள் இம்மி, இம்மோ ஆகியவை பரவலானவை. (தமிழில் மிகச் சிறிய அளவைக் குறிக்கும் இம்மி என்னும் சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை.)

நாடகத்தில் இமோஜென்

சிம்பலைன் ஏறத்தாழ 1610 இல் எழுதப்பட்ட நாடகம். உரோமைப் பேரரசன் அகஸ்டஸின் காலத்தில் பிரித்தானியாவை ஆண்டதாகக் கூறப்படும் சிம்பலைன் மன்னனின் மகள் இமோஜென். அவள் தந்தையின் விருப்பத்துக்கு மாறாகப் போஸ்துமஸ் லியோனாட்டஸ் என்பவனை மணக்கிறாள். மன்னன் அவனை நாடு கடத்துகிறான். இத்தாலியில் யாக்கிமோ என்பவன் அவள் கற்பைக் குறித்துக் கணவனுடன் பந்தயம் கட்டுகிறான். பின்னர் ஒரு பேழைக்குள் ஒளிந்து அவளது படுக்கையறைக்குள் நுழைந்து, உறங்குபவளின் கைவளையைக் கவர்ந்து, உடலில் உள்ள மச்சத்தையும் குறித்துக்கொண்டு போகிறான். அவற்றைச் சான்றாக நம்பிய கணவன் அவளைக் கொல்லுமாறு பணியாளனுக்கு ஆணையிடுகிறான். பணியாளன் அவளைக் கொல்லாது விடுகிறான். அவள் ஆண் வேடம் பூண்டு வேல்சு மலைகளில் அலைகிறாள். தன் உடன்பிறந்தோர் என்றறியாமலே இரு இளைஞரின் குகையில் அடைக்கலம் பெறுகிறாள். இறுதியில் உண்மை வெளிப்பட்டு அனைவரும் ஒன்று சேர்கின்றனர்.

பந்தயக் கதை பொக்காச்சியோவின் டெக்காமரன் நூலில் உள்ள ஒரு கதையை ஒத்தது. அங்குத் தலைவியின் பெயர் வேறு. ஆகவே, தலைவிக்கு இப்பெயரை ஷேக்ஸ்பியர் பிறிதோர் இடத்திலிருந்து எடுத்திருக்க வேண்டும்.

இன்னோஜென் என்பதற்கான சான்றுகள்

சிம்பலைன் நாடகம் ஷேக்ஸ்பியர் உயிருடன் இருந்தபோது அச்சிடப்படவில்லை. அவர் இறந்து ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1623 இல் அவரது நாடகங்களைத் தொகுத்து வெளியிட்ட முதல் ஃபோலியோ பதிப்பில்தான் அது இடம்பெற்றது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு பழம்படி எதுவும் இல்லை. எனவே இமோஜென் என்னும் வடிவத்துக்கு ஃபோலியோ ஒன்றே சான்று. இதற்கு எதிராக மூன்று செய்திகள் காட்டப்படுகின்றன.

முதலாவது, நாடகத்தை அரங்கில் பார்த்த ஒருவரின் குறிப்பு. இலண்டனில் சோதிடராகவும் மருத்துவராகவும் இருந்த சைமன் ஃபோர்மன் தாம் பார்த்த நாடகங்களைப் பற்றி 1611 இல் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் இறந்தார். அக்குறிப்பேட்டில் சிம்பலைன் நாடகத் தலைவியின் பெயர் இன்னோஜென் என உள்ளது. அவர் எழுதியபோது அச்சு நூல் இல்லை. காதால் கேட்டதையே எழுதினார். இதுவே மூன்றனுள் வலிமையான சான்று. இக்குறிப்பேடு 1836 இல் முதன்முதலாக அச்சிடப்பட்டது. அதை வெளியிட்ட ஜான் பெய்ன் காலியர் பிற ஆவணங்களில் போலிகளைப் புகுத்தியவர் என்று பின்னர் தெரியவந்ததால், இதன் உண்மைத்தன்மையும் சிலகாலம் ஐயுறப்பட்டது. இன்று பெரும்பாலோர் இதை உண்மையான ஆவணமாகவே ஏற்கின்றனர்.

இரண்டாவது, ஷேக்ஸ்பியரின் மற்றொரு நாடகம். மச் அடோ அபவுட் நத்திங் நாடகத்தின் 1600 ஆம் ஆண்டுப் பதிப்பில், தொடக்க அரங்கக் குறிப்பில் லியோனாட்டோ என்பவனின் மனைவியாக இன்னோஜென் என்பவள் குறிக்கப்படுகிறாள். அவள் நாடகம் முழுவதிலும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. யாரும் அவளிடம் பேசுவதும் இல்லை. எழுதத் தொடங்கிப் பின் ஆசிரியர் கைவிட்ட மாந்தர் எனக் கொண்டு பதிப்பாசிரியர்கள் அவளை நீக்கிவிடுவது வழக்கம். ஆயினும் லியோனாட்டோவுக்கு இன்னோஜென், லியோனாட்டஸுக்கு இமோஜென் என்னும் இணைப்பொருத்தத்தைத் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம்.

மூன்றாவது, ஷேக்ஸ்பியர் படித்த வரலாற்று நூல். அவர் பல நாடகங்களுக்கு மூலமாகக் கொண்ட ஹாலின்ஷெட்டின் வரலாற்றுத் தொகுப்பில், பிரித்தானியாவின் முதல் மன்னன் எனப் பழங்கதைகள் கூறும் புரூட்டின் மனைவி பெயர் இன்னோஜென். பழைய பிரித்தானிய மன்னனின் மகளுக்கு, அந்நாட்டின் முதல் அரசியின் பெயரைச் சூட்டியிருப்பார் என்பது இயல்பான ஊகம்.

பிழை நேர்ந்த விதம்

உரோமன் எழுத்துகளில் இன்னோஜென் என்னும் பெயரின் நடுவில் 'என்' என்னும் எழுத்து இருமுறை வரும். அக்காலக் கையெழுத்தில் இவ்வெழுத்து அடுத்தடுத்த இரண்டு குறுங்கோடுகளாகவும், 'எம்' என்னும் எழுத்து மூன்று குறுங்கோடுகளாகவும் எழுதப்பட்டன. ஆகவே இரட்டை 'என்' நான்கு கோடுகள். ஓர் 'எம்' மூன்று கோடுகள். விரைந்து எழுதிய படியில் ஒரு கோடு மங்கினாலோ, படிப்பவர் ஒன்றைக் குறைத்து எண்ணினாலோ இன்னோஜென் இமோஜென் ஆகிவிடும். புள்ளியிடாத ஓலைச்சுவடிகளில் தோன்றிய பாடபேதங்களை அறிந்தவர்களுக்கு இவ்வகைத் திரிபு வியப்பளிக்காது.

இக்கருத்துக்கு மறுப்பும் உண்டு. ஃபோலியோவில் இப்பெயர் ஓரிடத்தில் மட்டும் பிறழவில்லை. நாடகம் நெடுகிலும், பேசுபவரைக் குறிக்கும் சுருக்கங்களில்கூட, 'எம்' எழுத்துடனேயே வருகிறது. அச்சுக்கோப்பவரின் கைத்தவறு இத்தனை முறை ஒரே விதமாக நேராது. இதற்கு விடையாக, அச்சகத்துக்குக் கொடுக்கப்பட்ட படியை எழுதியவர் முதலில் ஒருமுறை தவறாகப் படித்து, பின்னர் அதையே பெயராகக் கொண்டு முழுவதும் எழுதியிருக்கலாம் என்பர். அறிமுகமில்லாத பெயரைப் படியெடுப்பவர் யாரும் அவ்வாறே செய்வார் என்பதால் இவ்விடை பொருத்தமாகவே தோன்றுகிறது. மறுப்போர், ஃபோர்மன்தான் கேள்விப்பிழையாக, தாம் அறிந்த பழம்பெயரை எழுதிவிட்டார் எனவும் வாதிடுகின்றனர்.

ஸ்டான்லி வெல்ஸ், கேரி டெய்லர் ஆகியோர் பதிப்பித்த 1986 ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டு பதிப்பு, ஃபோலியோவைக் கைவிட்டு இன்னோஜென் என அச்சிட்டது. 2017 இல் வெளிவந்த ஆர்டன் மூன்றாம் வரிசைப் பதிப்பும் அவ்வாறே செய்தது. வேறு பதிப்புகள் இமோஜென் என்பதையே தொடர்கின்றன. நாடக அரங்கிலும் இதே நிலைதான். 2016 இல் ராயல் ஷேக்ஸ்பியர் நிறுவனம் மேடையேற்றிய சிம்பலைனில் தலைவி இன்னோஜென். அதே ஆண்டு இலண்டன் குளோப் அரங்கில் இந்நாடகம் இமோஜென் என்னும் தலைப்பிலேயே நடிக்கப்பட்டது. நாடகத்தில் பெயரைத் திருத்துவது பதிப்பாசிரியரின் உரிமை. ஆனால் நாடகத்துக்கு வெளியே, மக்கள் தம் பெண்களுக்கு இட்டு வழங்கும் பெயராக இமோஜென் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தனித்து வாழத் தொடங்கிவிட்டது. இத்திருத்தம் அதைத் தொடவில்லை.

பொருள்

குழந்தைப் பெயர் நூல்களில் இப்பெயருக்கு 'மகள்', 'கன்னி' எனப் பொருள் தரப்படுகிறது. இன்னோஜென் என்பது பழைய ஐரிய மொழியில் மகள், இளம்பெண் என்னும் பொருளுடைய இன்யென் என்ற சொல்லிலிருந்து வந்தது என்பதே இதற்கு அடிப்படை. அச்சொல் இன்றைய ஐரிய மொழியில் இனீன் என வழங்குகிறது. ஐரியப் பெண்களின் குடும்பப் பெயருக்கு முன் வரும் 'நீ' என்னும் ஒட்டும் அதன் சுருக்கமே ஆகும்.

ஆனால் இத்தொடர்பு ஒலி ஒற்றுமையைக் கொண்டு கூறப்படுவதேயாகும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மான்மவுத்தின் ஜெஃப்ரி இலத்தீனில் எழுதிய பிரித்தானிய மன்னர் வரலாற்றில் புரூட்டின் மனைவி பெயர் இக்னோகே என்பதாகும். அவள் ஐரியப் பெண்ணும் அல்லள். கிரேக்க மன்னன் பாண்ட்ராசஸின் மகள். இலத்தீனில் உருவம் என்னும் பொருளுடைய இமாகோ, மாசற்ற என்னும் பொருளுடைய இன்னோசென்ஸ் ஆகிய சொற்களோடு இப்பெயரைத் தொடர்புபடுத்துவோரும் உளர். இவற்றுள் முதலாவது பிழையான வடிவத்தைக் கொண்டு பின்னர் புனைந்த விளக்கம் என்பது வெளிப்படை. இரண்டாவது, கதைத்தலைவியின் இயல்புக்குப் பொருந்துவதால் நிலைத்தது.

பரவல்

நாடகம் அச்சான உடனே பெயர் பரவிவிடவில்லை. 1682 இல் தாமஸ் டர்ஃபி சிம்பலைனைத் திருத்தி எழுதியபோது தலைவியின் பெயரை யூஜீனியா என மாற்றிவிட்டார். 1761 இல் டேவிட் காரிக் ஷேக்ஸ்பியரின் வடிவத்தைப் பெரும்பாலும் தழுவி மேடையேற்றிய பின்னரே இமோஜென் மீண்டும் அரங்கில் நிலைபெற்றாள். அடுத்த சில பத்தாண்டுகளில் பெயர் நாடகத்தை விட்டு வெளியே வந்தது. வில்லியம் காட்வின் 1784 இல் இமோஜென் என்னும் புனைகதையை வெளியிட்டார். மாத்யூ லூயிஸின் தி மங்க் (1796) புதினத்தில் உள்ள கதைப்பாடல் ஒன்றின் தலைவி இமொஜின் எனச் சற்றே மாறிய பெயர் பெற்றாள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் இமோஜெனைப் பெண்மையின் இலக்கணமாகவே போற்றினர். கவிஞர் சுவின்பர்ன் அவளை ஷேக்ஸ்பியரின் பெண் மாந்தர் அனைவருக்கும் மேலாக வைத்தார். 1892 இல் இறந்த டென்னிசனின் கல்லறையில் சிம்பலைன் நூலின் படி ஒன்றும் வைக்கப்பட்டது. 1896 இல் எலன் டெர்ரி இப்பாத்திரத்தை ஏற்று நடித்தார். அவதூறு கூறிய கணவனை மன்னிக்கும் பொறுமையே அக்காலத்தவரைக் கவர்ந்தது. இன்றைய வாசகர் அதையே கேள்விக்குள்ளாக்குவர்.

அமெரிக்காவில் இமொஜீன் வடிவமே செல்வாக்குப் பெற்றது. 1920களிலும் 1930களிலும் அந்நாட்டின் முதல் ஆயிரம் பெண்பெயர்களுள் ஒன்றாக இருந்த அது, நூற்றாண்டின் பிற்பகுதியில் வழக்கொழிந்தது. பிரித்தானியாவில் நிலைமை நேர்மாறானது. அங்கு நெடுங்காலம் படித்த குடும்பங்களில் மட்டும் வழங்கிய இமோஜென், இங்கிலாந்திலும் வேல்சிலும் 2000களிலும் 2010களிலும் முதல் நூறு பெண்பெயர்களுக்குள் இடம்பெற்றது. ஷேக்ஸ்பியரால் அறிமுகமான ஜெசிகா என்னும் பெயர் 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் முதலிடம் பெற்றதோடு ஒப்பிட்டால், இமோஜென் என்றுமே அரிய பெயர்தான். சிம்பலைன் அடிக்கடி நடிக்கப்படாததும் பள்ளிகளில் அதிகம் கற்பிக்கப்படாததும் இதற்குக் காரணமாகலாம்.

தமிழில் இந்நாடகம் 1897 இல் சரசாங்கி என்னும் தலைப்பிலும், பின்னர் பம்மல் சம்பந்த முதலியாரால் சிம்ஹளநாதன் என்னும் பெயரிலும் தழுவப்பட்டது. தழுவல்களில் மாந்தர் இந்தியப் பெயர் பெற்றதால் இமோஜென் என்னும் பெயர் தமிழில் அறிமுகமாகவில்லை.

இப்பெயர் கொண்டோர்

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் இமோஜென் கன்னிங்ஹாம் (1883–1976) இவர்களுள் முன்னவர். அவர் தந்தை சிம்பலைன் நாடகத் தலைவியின் நினைவாகவே இப்பெயரை இட்டார். ஆங்கிலேய இசைக்கலைஞர் இமோஜென் ஹோல்ஸ்ட் (1907–1984), இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்டின் மகள். 1950–51 இல் சாந்திநிகேதனில் தங்கி இந்திய இசை பயின்றவர். இமொஜீன் வடிவத்தைக் கொண்டவர்களுள் அமெரிக்க நகைச்சுவை நடிகை இமொஜீன் கோக்கா (1908–2001) புகழ்பெற்றவர். பியானோ கலைஞர் இமோஜென் கூப்பர், பாடகி இமோஜென் ஹீப், நடிகையர் இமோஜென் ஸ்டப்ஸ், இமோஜென் பூட்ஸ் ஆகியோர் பிரித்தானியர். செருமன் நடிகை இமோகென் கோகே அந்நாட்டு ஒலிப்புக்கு எடுத்துக்காட்டு.

புயல்களுக்கும் இப்பெயர் இடப்பட்டுள்ளது. 2016 பெப்ரவரியில் இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியைத் தாக்கிய புயலும், 2021 சனவரியில் ஆத்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் கரை கடந்த வெப்பமண்டலச் சூறாவளியும் இமோஜென் எனப் பெயரிடப்பட்டவை.