மோர்மன் இளம் ஊழியர்

மோர்மன் ஊழியர் என்பவர், அமெரிக்காவின் சால்ட் லேக் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபைக்காகச் சமயப் பரப்புரை செய்யும் தன்னார்வலர் ஆவார். 2012 முதல் ஆண்கள் 18 வயதிலேயே இப்பணியில் சேரலாம். இளைஞர்கள் 24 மாதங்களும் இளம்பெண்கள் 18 மாதங்களும் பணியாற்றுவர். இதற்கு ஊதியம் இல்லை. பணியிடத்தைச் சபையே முடிவு செய்கிறது.

வழக்கமான நாள் காலை 6:30 மணிக்குத் தொடங்கி இரவு 10:30 மணிக்கு முடியும். வேதப் படிப்புக்குப் பின் தெருக்களிலும் வீடுகளிலும் மக்களைச் சந்திப்பர். பலர் பேச மறுப்பதும் உண்டு. எப்போதும் இணை ஊழியருடனேயே இருக்க வேண்டும். அவரைத் தாமே தேர்ந்தெடுக்க இயலாது. துணி துவைக்கவும் கடைக்குச் செல்லவும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கப்படுகிறது.

முன்னர் கிறித்துமசு, அன்னையர் நாள் ஆகிய இரு நாட்களில் மட்டுமே பெற்றோருடன் தொலைபேசியில் பேசலாம். பிப்ரவரி 2019 முதல் வாரந்தோறும் பேச அனுமதிக்கப்பட்டது. எனினும் பிரிவுத்துயராலும் மன அழுத்தத்தாலும் பணிக்காலம் முடியுமுன்பே வீடு திரும்புவோர் உள்ளனர்.